பகிர்ந்த பணியிடம்

பகிர்ந்த பணியிடம் என்பது வெவ்வேறு தொழில்களைச் செய்வோரும் வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்தோரும் ஒரே இடத்தையும் அதிலுள்ள வசதிகளையும் கட்டணம் செலுத்திப் பொதுவாகப் பயன்படுத்தும் பணிச்சூழல் ஆகும். மேசை, நாற்காலி, இணைய இணைப்பு, தடையில்லா மின்சாரம், அச்சுப்பொறி, கூட்ட அறை, தேநீர் அறை ஆகியவை இங்கு அனைவருக்கும் பொதுவானவை. பேச்சு வழக்கில் இது கோ-ஒர்க்கிங் ஸ்பேஸ் எனப்படுகிறது. தொழில் முனைவோர், ஃப்ரீலான்சர் என்று அழைக்கப்படும் தற்சார்புப் பணியாளர், புத்தொழில் நிறுவனங்கள், தொலைவிலிருந்து பணிபுரிவோர் ஆகியோர் இதன் முதன்மைப் பயனர்கள் ஆவர்.

வாடகை அலுவலகத்திலிருந்து இதனை வேறுபடுத்துவது இதன் சமூக வாழ்வு ஆகும். ஒரே முதலாளியிடம் வேலை செய்யாதவர்கள், ஒருவருக்கொருவர் கட்டளையிட இயலாதவர்கள், நாள்தோறும் ஓரிடத்தில் அமர்ந்து பழகுவதால் உருவாகும் நம்பிக்கையே பகிர்ந்த பணியிடத்தின் பயன் எனக் கருதப்படுகிறது. இக்கட்டுரை அச்சமூக வாழ்வைப் பற்றியும், தமிழ்நாட்டில், சிறப்பாகத் திருப்பெரும்புதூர்–ஒரகடம் உற்பத்தி வட்டாரத்தில், அது எவ்வடிவில் தேவைப்படுகிறது என்பதைப் பற்றியும் விளக்குகிறது.

பெயரும் வரையறையும்

கோ-ஒர்க்கிங் என்னும் சொல்லை 1999இல் அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளர் பெர்னி டிகோவன் பயன்படுத்தினார். அவர் அச்சொல்லால் குறித்தது இடத்தை அன்று. கணினியின் துணையுடன் பலர் சமநிலையில் சேர்ந்து பணியாற்றும் முறையையே ஆகும். இன்றுள்ள பொருள் 2005இற்குப் பின்னர் நிலைபெற்றது. தமிழ்நாடு அரசின் அறிவிப்புகளில் "பகிர்ந்த பணியிட மையம்" என்ற தொடர் ஆளப்படுகிறது. கூட்டுப் பணியிடம், பகிர்வு அலுவலகம் ஆகிய பெயர்களும் வழக்கில் உள்ளன.

பகிர்ந்த பணியிடத்தைப் பின்வருவனவற்றுடன் குழப்பிக் கொள்ளுதல் கூடாது:

- தொழில் வளர்ப்பகம்: புதிய நிறுவனங்களைத் தெரிவு செய்து, வழிகாட்டுதலும் நிதியுதவியும் அளித்து, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் வெளியேற்றும் அமைப்பு. பகிர்ந்த பணியிடத்தில் தெரிவும் கால வரம்பும் பெரும்பாலும் இல்லை.
- நிருவகிக்கப்படும் அலுவலகம்: ஒரு பெரிய நிறுவனத்துக்கென்றே அணியமாக்கி வாடகைக்கு விடப்படும் தனித்தளம். பகிர்ந்த பணியிட நிறுவனங்களே இதனையும் நடத்துவதுண்டு.
- ஆக்குநர் கூடம்: பொருள்களைச் செய்து பார்ப்பதற்கான கருவிகளும் எந்திரங்களும் பகிரப்படும் இடம்.

வரலாறு

தொடக்கம்

1995இல் செருமனியின் பெர்லின் நகரில் கணினி ஆர்வலர்கள் தொடங்கிய சி-பேஸ் என்னும் கூடம், பணியிடப் பகிர்வின் முன்னோடிகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. 2002இல் ஆத்திரியாவின் வியன்னாவில், கைவிடப்பட்ட பழைய திருகாணித் தொழிற்சாலை ஒன்று தொழில் முனைவோருக்கான பொது அலுவலகமாக மாற்றப்பட்டது. தொழிற்சாலையின் பெயரே அதற்கும் நிலைத்தது.

இன்றைய வடிவத்தின் தொடக்கமாக 2005 ஆகஸ்ட் 9 கொள்ளப்படுகிறது. அன்று அமெரிக்க நிரலாளர் பிராட் நியூபெர்க், சான் பிரான்சிசுகோ நகரில் இசுபைரல் மியூசு என்னும் இல்லத்தில் வாரம் இரு நாள்கள் இயங்கும் பகிர்ந்த பணியிடத்தைத் திறந்தார். தனித்துப் பணியாற்றுவதன் விடுதலையும் அலுவலகத்தின் ஒழுங்கும் தோழமையும் ஒருங்கே கிடைக்க வேண்டும் என்பது அவரது நோக்கம். தொடக்க வாரங்களில் ஒருவரும் வரவில்லை. பின்னர் அவர் நேரில் பலரை அழைத்துச் சேர்த்தார். பொது மதிய உணவு, தியான இடைவேளை, மாலையில் குறித்த நேரத்தில் கட்டாயமாகக் கதவடைத்தல் ஆகியவை அங்குப் பின்பற்றப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டில் அது மூடப்பட்டாலும், 2006இல் அதே நகரில் ஆட் பாக்டரி, சிட்டிசன் இசுபேசு ஆகியவை தோன்றின. ஒத்துழைப்பு, திறந்த தன்மை, சமூகம், எளிதில் அணுகத்தக்க நிலை, நிலைத்திருக்கும் தன்மை என்னும் ஐந்தும் இவ்வியக்கத்தின் விழுமியங்களாக ஏற்கப்பட்டன. ஆகஸ்ட் 9 பன்னாட்டுப் பகிர்ந்த பணியிட நாளாகக் கொண்டாடப்படுகிறது.

வணிக வளர்ச்சியும் வீழ்ச்சியும்

2010இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட வீவொர்க், இம்முறையைப் பெருவணிகமாக மாற்றியது. 2019 சனவரியில் 4,700 கோடி அமெரிக்க டாலராக மதிப்பிடப்பட்ட அந்நிறுவனம், அவ்வாண்டு செப்டம்பரில் தன் பங்கு வெளியீட்டைத் திரும்பப் பெற்றது. 2023 நவம்பர் 6 அன்று திவால் காப்புக் கோரி, 2024இல் அதிலிருந்து மீண்டது. கட்டடங்களை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, மாதந்தோறும் விலகக்கூடிய உறுப்பினருக்கு விடுவது இத்தொழிலின் அடிப்படை இடர் ஆகும். உறுப்பினர் குறைந்தாலும் குத்தகை குறைவதில்லை. 2020இல் கொரோனா பெருந்தொற்றின்போது இவ்விடர் உலகெங்கும் வெளிப்பட்டது.

இந்தியாவில் 2010களில் தில்லி, பெங்களூரு, மும்பை, சென்னை ஆகிய நகரங்களில் இத்தகைய இடங்கள் பரவின. இத்துறையைச் சேர்ந்த ஆபிசு நிறுவனம் 2024 மே மாதத்திலும், இசுமார்ட்வொர்க்சு, இண்டிகியூப் ஆகியவை 2025 சூலையிலும், வீவொர்க் இந்தியா 2025 அக்டோபரிலும் பங்குச் சந்தையில் இடம்பெற்றன. வளர்ச்சியின் பெரும்பகுதி, பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக மொத்தமாக எடுக்கும் இருக்கைகளால் ஏற்பட்டது. இதனால், தனியொருவருக்காகத் தோன்றிய ஏற்பாட்டில் தனியொருவரின் இடம் சுருங்குகிறதா என்னும் கேள்வி எழுந்துள்ளது.

தமிழ்நாட்டில் முன்னோடிகள்

வசதிகளைப் பகிர்தல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 1958இல் கிண்டியில் அமைந்த தொழிற்பேட்டையில் சிறு தொழில் முனைவோர்க்குக் கொட்டகைகளும் பொது வசதிகளும் அளிக்கப்பட்டன. 1970இல் தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகமாகிய சிட்கோ நிறுவப்பட்ட பின், இத்தகைய பேட்டைகள் மாநிலம் முழுவதும் பெருகின. வணிகர் கூடும் ஊரையும் சந்தையையும் குறித்த "பேட்டை" என்னும் பழஞ்சொல் இங்குப் புதுப்பொருள் பெற்றது. பேட்டையில் ஒரு பட்டறையில் கடைசல் எந்திரம் பழுதானால், வேலையை அடுத்த பட்டறையில் முடித்துக் கொள்ள முடிந்தது. அண்டை வீட்டாரைப் போன்ற இவ்வுறவே பிற்காலத்தில் மேசைகளுக்கிடையே எதிர்பார்க்கப்பட்டது எனலாம்.

தகவல் தொழில்நுட்பத் துறையில், டிட்கோவும் எல்காட்டும் இணைந்து அமைத்த டைடல் பூங்கா 2000இலும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுப் பூங்கா 2010இலும் செயற்படத் தொடங்கின. இவற்றுக்கு இணையாக, கட்டடம் ஏதுமின்றி இயங்கிய குழுக்களும் குறிப்பிடத்தக்கவை. சென்னை லினக்ஸ் பயனர் குழு, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு முதலியன கல்லூரி வகுப்பறைகளிலும் கிடைத்த இடங்களிலும் கூடிக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்தன. 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை நடைபெற்றது. சமூகம் முதலில் தோன்றி, இடத்தைப் பின்னர் தேடிக்கொள்ளலாம் என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

இட அமைப்பும் உறுப்பினர் வகையும்

பெரும்பாலான பகிர்ந்த பணியிடங்களில் உறுப்புரிமை மூன்று வகைப்படும்.

- நாள் அல்லது மணிக் கணக்கு: வந்த நேரத்துக்கு மட்டும் கட்டணம். காலியாக உள்ள இருக்கையில் அமரலாம்.
- நிலையான மேசை: மாதக் கட்டணத்தில் ஒருவருக்கென ஒதுக்கப்பட்ட இடம். பூட்டக்கூடிய இழுப்பறை உண்டு.
- தனியறை: சிறு குழுக்களுக்கானது. பொது வசதிகள் மட்டும் பகிரப்படும்.

இவற்றுடன் "முகவரி மட்டும்" என்னும் ஏற்பாடும் உண்டு. நிறுவனப் பதிவுக்கும் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவுக்கும் தொழில் முகவரி தேவைப்படுவதால், இடத்திற்கு வராமலே முகவரிக்காகச் சிலர் கட்டணம் செலுத்துகின்றனர்.

இட அமைப்பில் அமைதிப் பகுதி, உரையாடல் பகுதி, தொலைபேசிக்கான சிற்றறை, உணவு மேசை என நான்கு கூறுகள் இன்றியமையாதன. உணவு மேசை மற்றவற்றினும் முதன்மையானது. ஏனெனில் வேலை நேரத்தில் அயலாரிடம் பேசத் தயங்குவோரும் உணவு வேளையில் பேசுவர்.

சமூக வாழ்வு

தனிமையும் தோழமையும்

தற்சார்புப் பணியாளருக்கு மேலதிகாரி இல்லை. அதே வேளையில் உடன் பணிபுரிவோரும் இல்லை. தன் விலைப்பட்டியல் சரியா, வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் உள்ள ஒரு விதி நியாயமானதா, இம்மாதம் வேலை குறைந்தது தனக்கு மட்டுமா என்பனவற்றைக் கேட்க ஆளின்றி அவர் முடிவெடுக்க வேண்டியுள்ளது. அலுவலகத்தில் இயல்பாகக் கிடைக்கும் இவ்வகை அறிவு, வீட்டில் தனித்திருப்பவர்க்குக் கிடைப்பதில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெட்சன் இசுபிரைட்சர், உடன் ஆய்வாளர்களான பீட்டர் பேசுவைசு, லிண்டன் காரெட் ஆகியோர் 2015இல் ஆர்வர்டு பிசினசு ரிவ்யூ இதழில் தம் ஆய்வினை வெளியிட்டனர். பகிர்ந்த பணியிடங்களைப் பயன்படுத்துவோர் தம் பணிவாழ்வின் செழுமையை ஏழு புள்ளி அளவையில் ஏறத்தாழ ஆறு என மதிப்பிட்டதாக அவர்கள் தெரிவித்தனர். தம் வேலையைப் பொருளுடையதாகக் காணுதல், நேரத்தைத் தாமே வகுத்துக் கொள்ளுதல், ஒரு சமூகத்தின் அங்கமாக உணர்தல் ஆகிய மூன்றும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. உடன் இருப்போர் போட்டியாளர் அல்லாமையால், அங்கு நடிக்க வேண்டிய தேவை குறைவு என்பதும் அவர்களின் கருத்து.

இல்லமும் பணியிடமும் அல்லாத பொது இடங்களை அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் "மூன்றாம் இடம்" என அழைத்தார். நம் ஊர்த் திண்ணை, தேநீர்க் கடை, படிப்பகம் ஆகியவை இவ்வகையின. பகிர்ந்த பணியிடம், பணியிடத்துக்குள்ளேயே மூன்றாம் இடத்தின் இயல்பைக் கொண்டுவரும் முயற்சியாகும்.

ஒருங்கிணைப்பாளர்

இத்தகைய இடங்களில் வரவேற்பு, கட்டண வசூல், பராமரிப்பு ஆகியவற்றுடன் உறுப்பினரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்யும் பொறுப்பும் ஒருங்கிணைப்பாளருக்கு உண்டு. புதிதாக வந்த கணக்கரையும், கணக்கர் தேடும் வடிவமைப்பாளரையும் இணைப்பது அவர் வேலையின் சாரம். உறுப்பினர் ஒவ்வொருவரின் தொழிலையும் தேவையையும் நினைவில் வைத்திருக்கும் ஒருங்கிணைப்பாளர் இல்லாதவிடத்து, நாற்பது பேர் அமரும் கூடமும் நாற்பது தனியறைகள் போலவே இருக்கும். செலவுக் குறைப்பின்போது முதலில் நீக்கப்படுவதும் பல இடங்களில் இப்பணியே ஆகும்.

வழக்கங்களும் விதிகளும்

சமூக வாழ்வை நிலைநிறுத்தும் வழக்கங்களுள் பின்வருவன பொதுவானவை:

- வாரம் ஒருமுறை பொது மதிய உணவு. ஒவ்வொருவரும் இல்லத்திலிருந்து கொண்டு வருவதைப் பகிர்தல்.
- ஓர் உறுப்பினர் தமக்குத் தெரிந்த ஒன்றைக் கற்பிக்கும் ஒரு மணி நேர வகுப்பு. வரிப் படிவம் நிரப்புதல், ஒளிப்படம் எடுத்தல், ஒப்பந்தம் வாசித்தல் போன்றவை.
- தேவைகளையும் வழங்கக்கூடிய உதவிகளையும் எழுதி ஒட்டும் அறிவிப்புப் பலகை.
- தொடங்கிய தொழில் கைகூடாமல் போனவர் தம் அனுபவத்தைக் கூறும் மாலைக் கூட்டம்.

விதிகளும் இன்றியமையாதன. தொலைபேசியில் உரக்கப் பேசாமை, பிறர் திரையை நோக்காமை, கேட்டறிந்த வணிகச் செய்தியை வெளியிடாமை, பாத்திரத்தைத் தாமே கழுவுதல், உறுப்பினரிடம் தம் பொருளை வலிந்து விற்காமை ஆகியவை எங்கும் காணப்படுவன. இவற்றுள் இறுதியானது மீறப்படும் இடங்களில் உறுப்பினர் ஒருவரையொருவர் தவிர்க்கத் தொடங்குவர்.

பணம் வந்து சேராமை

தற்சார்புப் பணியாளருக்கும் சிறு நிறுவனத்துக்கும் உள்ள பெருந்துன்பம், செய்த வேலைக்குப் பணம் உரிய காலத்தில் வராமையாகும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்து மூல ஒப்பந்தம் இருப்பினும் 45 நாள்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்களுக்குள் செலுத்த வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மும்மடங்கு கூட்டு வட்டி சேரும். முறையீட்டை வசதியாக்கல் மன்றத்தில் அளிக்கலாம். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாக, இக்கால வரம்பைத் தாண்டிய தொகையைச் செலுத்திய ஆண்டிலேயே செலவாகக் காட்ட முடியும் என்ற வரி விதியும் சேர்க்கப்பட்டது. இப்பாதுகாப்பைப் பெற, 2020 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவு உதவுகிறது. இப்பதிவு கட்டணமற்றது.

சட்டம் இருப்பினும், வாடிக்கையாளரை இழக்கும் அச்சத்தால் பலர் முறையிடுவதில்லை. இங்குதான் சமூகம் பயன்படுகிறது. எந்த நிறுவனம் எத்தனை நாளில் பணம் தரும், முன்பணம் எவ்வளவு கேட்கலாம், நினைவூட்டல் மடலை எவ்வாறு எழுதலாம் என்பனவற்றை அடுத்த மேசைக்காரரிடம் அறியலாம். ஒருவர் கூறும் குறை, பலர் கூறும்போது வழக்கமாகவும் பேரம் பேசும் வலிமையாகவும் மாறுகிறது.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில்

வட்டாரத்தின் இயல்பு

ஸ்ரீபெரும்புதூர் என்றும் வழங்கும் திருப்பெரும்புதூர், காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. இராமானுசர் பிறந்த ஊராக அறியப்பட்ட இது, 1990களின் பிற்பகுதியிலிருந்து தொழில் நகரமாக மாறியது. 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் தொழிற்பூங்காக்களை அமைத்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் உண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலையும், 2012இல் டைம்லர் சரக்குந்துத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன.

இவ்வட்டாரத்தில் பகிர்வு ஏற்கனவே பெருமளவில் நிகழ்கிறது. ஆனால் அது முதலாளி நிருவகிக்கும் பகிர்வாகும். நிறுவனப் பேருந்து, நிறுவன உணவகம், பணியாளர் விடுதி ஆகியவற்றைப் பல்லாயிரம் பேர் பகிர்கின்றனர். 2021 டிசம்பரில், விடுதி உணவால் நோயுற்ற மின்னணுத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களுக்காக அவர்தம் தோழியர் நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். அதன் பின்னர், 18,720 பேர் தங்கத்தக்க சிப்காட் குடியிருப்பு வளாகம் வல்லம் வடகாலில் கட்டப்பட்டு 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. பகிரப்படும் இடத்தின் தரத்தைப் பகிர்வோர் தாமே தீர்மானிக்க இயலுமா என்னும் கேள்வி, விடுதிக்கும் பணியிடத்துக்கும் பொதுவானது.

யாருக்குத் தேவை

பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பல சிறு தொழில்கள் இயங்குகின்றன. எந்திரப் பாகங்களைக் கணினியில் வரைவோர், அச்சுவார்ப்பு வடிவமைப்போர், தர மேலாண்மைத் தணிக்கையாளர், கொரிய, சப்பானிய மொழிபெயர்ப்பாளர், ஏற்றுமதி ஆவணம் அணியம் செய்வோர், கணக்கர், தொழிற்பாதுகாப்புப் பயிற்சியாளர் முதலியோர் இவர்கள். இவர்களுட் பலர் தொழிற்சாலையில் பணியாற்றி விலகித் தனித் தொழில் தொடங்குவோர் ஆவர்.

இவர்களின் நிலைக்கு ஒற்றை வாடிக்கையாளரை நம்பியிருத்தல் பெரும் இடராகும். 2006இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியபோது, அதன் தொழிலாளர் மட்டுமன்றி அதனைச் சார்ந்திருந்த துணைத் தொழில்களும் பாதிப்புக்குள்ளாயின. வெவ்வேறு துறையினருடன் நாள்தோறும் பழகுவோர்க்கு இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளரைக் கண்டறியும் வாய்ப்பு மிகுதி. இவ்வட்டாரத்தில் பணியிடச் சமூகத்தின் பொருளாதார மதிப்பு இதுவேயாகும்.

மேசையா, எந்திரமா

மென்பொருளாளருக்கு மேசையும் இணையமும் போதும். உற்பத்தித் துறையைச் சார்ந்தவருக்கு அவை போதா. முப்பரிமாண அச்சுப்பொறி, அளவிடும் கருவி, சோதனைக்கூடம் ஆகியவை வேண்டும்; இவற்றைத் தனியொருவர் வாங்க இயலாது. ஆகவே இங்குப் பகிர்வின் நடுவம் எந்திரமாக இருத்தல் இயல்பு. இவ்வகையில் பின்வருவன குறிப்பிடத்தக்கவை:

- சிப்காட் நிறுவனம் திருப்பெரும்புதூரிலும் ஒசூரிலும் அமைத்துள்ள தொழில் புத்தாக்க மையங்கள்.
- ஒரகடத்தில் நடுவண் அரசின் திட்டத்தின்கீழ் அமைந்துள்ள உலகளாவிய வாகன ஆய்வு மையம். வாகன மோதல் சோதனை, மின்காந்த ஒத்தியல்புச் சோதனை முதலியவற்றை வெவ்வேறு நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி இங்கு மேற்கொள்கின்றன.
- வட்டாரத்தின் கிழக்கே திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் துல்லியப் பொறியியல் குழுமத்துக்கான பொது வசதி மையம்.

இவை கருவிகளைப் பகிரும் ஏற்பாடுகள். கருவிக்காக வருவோர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் பொது மேசையும், அறிமுகம் செய்வோரும் உடன் இருப்பின் இவை முழுமை பெறும். அவ்வாறே, கருவியின்றி மேசை மட்டும் இடப்பட்ட மையம் இவ்வட்டாரத்தில் பயன் குறைந்ததாகவே இருக்கும்.

நேரமும் போக்குவரத்தும் இங்குத் தனிச் சிக்கல்கள். தொழிற்சாலைகள் முறைப்பணியில் இரவு பகலாக இயங்குவதால், அவற்றுக்குச் சேவை செய்வோரின் வேலை நேரமும் ஒன்பதிலிருந்து ஐந்து வரை என அமைவதில்லை. திருப்பெரும்புதூரில் தொடர்வண்டி நிலையம் இல்லை. நிறுவனப் பேருந்துகளில் வெளியார் ஏற இயலாது. ஆகவே இருசக்கர வண்டி இல்லாதவர்க்கு, மையம் பேருந்து நிறுத்தத்திற்கு அருகில் இருப்பது இன்றியமையாதது.

அரசின் முன்னெடுப்புகள்

2024 நவம்பர் 4 அன்று சென்னை கொளத்தூர்ப் பகுதியின் அகரத்தில் "முதல்வர் படைப்பகம்" திறக்கப்பட்டது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைத்த இதில், 38 பேர் பணியாற்றும் பகிர்ந்த பணியிட மையமும், 51 மாணவர் பயிலும் கல்வி மையமும், உணவு அருந்தும் இடமும் உள்ளன. பணியிடத்துக்கு அரைநாள் கட்டணம் 50 ரூபாய் எனத் தொடக்கத்தில் வைக்கப்பட்டது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவரும் தொழில் செய்பவரும் ஒரே கட்டடத்தில் அமர்வது இதன் தனித்தன்மை.

தலைநகருக்கு வெளியே, நியோ டைடல் பூங்காக்கள் விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியிலும், தஞ்சாவூர், சேலம் ஆகிய இடங்களில் 2024 செப்டம்பரிலும், தூத்துக்குடியில் 2024 டிசம்பரிலும் திறக்கப்பட்டன. இவை நிறுவனங்களுக்கான அலுவலகத் தளங்கள். மாநிலப் புத்தொழில் இயக்கமான இசுடார்ட்அப் டிஎன், மதுரை, திருநெல்வேலி, ஈரோடு முதலிய நகரங்களில் வட்டார மையங்களை நடத்துகிறது.

சட்ட நிலை

பகிர்ந்த பணியிட உறுப்பினர் பொதுவாக வாடகைதாரர் ஆகமாட்டார். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டத்தில் கூறப்படும் "உரிமம்" என்ற அடிப்படையிலேயே ஒப்பந்தம் எழுதப்படுகிறது. இடத்தைப் பயன்படுத்தும் அனுமதி உண்டு. இடத்தின்மீது உரிமை இல்லை. எனவே வாடகைதாரருக்குரிய காப்புகளை எதிர்பார்க்க இயலாது. முன்பணம் திரும்பப் பெறுதல், அறிவிப்புக் காலம், மையம் மூடப்படின் முகவரி மாற்றத்துக்கான அவகாசம் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதிப் பெறுதல் நன்று.

கட்டணத்தின்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்படுகிறது. வரிப் பதிவு பெற்ற நிறுவனம் இதனை உள்ளீட்டு வரியாகக் கழித்துக் கொள்ளலாம். ஆண்டு வருவாய் 20 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டுப் பதிவு பெறாத தற்சார்புப் பணியாளர் கழிக்க இயலாது. மாதக் கட்டணம் 5,000 ரூபாய் எனக் கொண்டால், 900 ரூபாய் வரியை அவரே முழுமையாகச் சுமக்க வேண்டும். சிறியவருக்கு இடம் விலை கூடுதலாக அமையும் முரண் இதனால் ஏற்படுகிறது.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட பணியிடங்களில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. பத்துக்குக் குறைவான பணியாளர் உள்ள நிறுவனங்களைச் சார்ந்த முறையீடுகளை மாவட்டத்தின் உள்ளூர்க் குழு ஏற்கிறது. சிறு நிறுவனங்களே நிறைந்த பகிர்ந்த பணியிடத்தில், யாரிடம் முறையிடுவது என்பதைத் தெளிவாக எழுதி ஒட்டுதல் பெண் உறுப்பினரின் நம்பிக்கைக்கு அடிப்படையாகும்.

குறைகளும் திறனாய்வும்

இம்முறை மீது பின்வரும் குறைகள் கூறப்படுகின்றன.

- சமூகம் என்னும் சொல் விளம்பரமாகச் சுருங்குதல். கூட்டங்கள் நடந்தாலும் பெயர் அட்டை பரிமாற்றத்துடன் நின்றுவிடுகின்றன.
- இரைச்சலும் மறைவின்மையும். வாகனப் பாகங்களின் வரைபடம் போன்ற மறைபொருள்களைக் கையாள்வோர்க்குத் திறந்த மேசை ஏற்றதன்று.
- மொழித் தடை. அறிமுகக் கூட்டங்கள் ஆங்கிலத்தில் மட்டும் நடக்குமிடத்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று, எந்திரத்தை நன்கறிந்த தமிழ்வழித் தொழில் முனைவோர் ஒதுங்கி நிற்பர்.
- உறுப்பினர் மாறிக்கொண்டே இருத்தல். மாதக் கணக்கில் வந்து செல்வோரிடையே நம்பிக்கை வேரூன்றக் காலம் போதுவதில்லை.
- முடிவெடுக்கும் உரிமை இன்மை. கட்டண உயர்வையும் மூடுவதையும் நடத்துநரே தீர்மானிக்கிறார். இதற்கு மாற்றாக, உறுப்பினரே உரிமையாளராக உள்ள கூட்டுறவு வடிவம் சில நாடுகளில் பின்பற்றப்படுகிறது. கூட்டுறவுச் சங்கங்கள் நன்கு அறிமுகமான தமிழ்நாட்டிலும் இவ்வடிவம் கருதத்தக்கதாகும்.

மேசையின் எண்ணிக்கையைக் கொண்டு பகிர்ந்த பணியிடத்தை அளவிடுவது எளிது. உறுப்பினருள் எத்தனை பேர் மற்றோர் உறுப்பினரிடமிருந்து வேலையோ, அறிவுரையோ, நெருக்கடியில் உதவியோ பெற்றனர் என்பதே அதன் உண்மையான அளவுகோல் ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

- தொழிற்பேட்டை
- சிப்காட்
- திருப்பெரும்புதூர்
- ஒரகடம்
- டைடல் பூங்கா
- கூட்டுறவு
- கட்டற்ற மென்பொருள்